தலைக்காவேரிக்கு ஒரு நடை

(கொல்கத்தா உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே பாதிப் பேருக்குக் காவேரிக்கரைதான் பூர்வீகம். ஆடிப் பதினெட்டுக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனவர்கள் நாம். இப்போது லேக் மார்க்கெட் அடுக்குமாடியில் ஒரு சொம்பு குழாய்த் தண்ணீரை வைத்துப் பூஜை செய்கிறோம். ஆனால் ஒன்றை யோசித்ததுண்டா? தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடியில் வரும் புதுவெள்ளம் யாருடைய மழை? குடகு மலையில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை. அந்த மலையைக் காலால் நடந்து பார்க்க வேண்டும் என்பது உத்தியோக காலத்திலிருந்தே என் ஆசை. 2018 ஜனவரியில், 69 வயதில், அது கைகூடியது.

மைசூரில் இருக்கும் மருமான் துணைக்கு வந்தான். முதல் நாள் இரவு பாகமண்டலத்தில் தங்கினோம். அங்கே கன்னிகை என்ற சிற்றாறு காவேரியோடு சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத சுஜ்யோதியும் சேர்வதாக ஐதீகம். (பிரயாகையில் சரஸ்வதி போல. சங்கமம் என்றால் நமக்கு மூன்று வேண்டும்!) காலையில் ஸ்நானம் செய்து, பகண்டேஸ்வரரைத் தரிசித்துவிட்டுக் கிளம்பினோம். தலைக்காவேரி எட்டு கிலோமீட்டர். "மாமா, ஜீப்பில் போனால் அரை மணிதான்" என்று மருமான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். நடந்தே போனோம். மூன்று மணி நேரம் ஆயிற்று.

நடந்ததால்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஏற ஏறக் காப்பித் தோட்டங்கள் பின்தங்கிக் காடு வருகிறது. மழை நின்று பல வாரங்கள் ஆகியிருந்தன. மரம் போய் மொட்டையாகிவிட்ட ஒரு சரிவில் ஓடைப் பள்ளம் வெறும் கல்லாகக் கிடந்தது. நூறு கெஜம் தள்ளி, மரம் அடர்ந்த மடிப்பில், அதே அளவுப் பள்ளத்தில் தண்ணீர் சலசலத்தது. கையை வைத்தால் ஜில்லென்று இருந்தது. இரண்டு இடத்திலும் பெய்தது ஒரே மழைதான்! காட்டில் சருகும் வேரும் மண்ணைப் பஞ்சு போல ஆக்கிவிடுகின்றன. மழை உள்ளே இறங்கி, மண்ணிலும் பாறை இடுக்கிலும் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பென்ஷன். மொத்தமாகக் கையில் கொடுத்தால் கரைந்துவிடும். மாதாமாதம் வந்தால்தான் குடித்தனம் நடக்கும். இந்த மடிப்புக் காடுகளை ஆங்கில நூல்களில் 'ஷோலா' என்று எழுதுகிறார்கள். நம்முடைய சோலைதான் அது.

தலைக்காவேரியில் ஒரு சிறிய குண்டிகை, எதிரே நீராடக் குளம். அகத்தியர் கமண்டலத்தைக் காகம் கவிழ்த்த கதை எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்லப் போவதில்லை. துலா சங்கிரமணத்தன்று, அக்டோபர் 17 வாக்கில், இங்கே தீர்த்தம் பொங்குவதாகப் பெருங்கூட்டம் கூடுகிறது. நாம் அன்று தொடங்கி ஐப்பசி முழுதும் துலா ஸ்நானம் செய்து, கடைசி நாளில் மாயவரத்தில் கடைமுகம் ஆடுகிறோம். ஆக, மாதத்தின் முதல் நாள் ஆற்றின் தலைக்கு, கடைசி நாள் அதன் கடைப்பகுதிக்கு. பஞ்சாங்கம் வகுத்தவர்களுக்குப் பூகோளமும் தெரிந்திருக்கிறது.

குண்டிகையிலிருந்து ஆறு ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் நிலத்தடியில் மறைந்து கீழே தலைகாட்டுகிறது என்கிறார்கள். படியேறிப் பிரம்மகிரி உச்சியில் நின்றபோது, பௌதிகம் படித்த எனக்குத் தோன்றியது இது: குண்டிகை சந்நிதி, ஆற்றின் மூலஸ்தானமோ கண்ணுக்கெட்டிய மலை முழுவதும். இந்த மலைகளில் ஒரு பக்கம் விழும் மழை காவேரியாகி 800 கிலோமீட்டர் போய் பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. மறுபக்கம் விழுவது சந்திரகிரி ஆறாகக் காசரகோட்டருகே அரபிக்கடலில் கலக்கிறது.

நான் ஊர் திரும்பிய அடுத்த மாதமே, பிப்ரவரி 16 அன்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. பங்கு எவ்வளவு என்று நூறு வருஷத்துக்கும் மேலாக வாதாடியிருக்கிறோம். வாதாட வேண்டியதுதான், கடைமடைக்காரனுக்கு வேறு வழி கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற காட்டைப் பற்றி இரண்டு மாநிலத்திலும் எத்தனை பேர் பேசுகிறார்கள்?

2020 ஆகஸ்டில், பெருமழையில், தலைக்காவேரியில் மலை சரிந்தது. கோவில் அர்ச்சகரும் வீட்டில் உடன் இருந்தவர்களும் மண்ணுக்கடியில் போனார்கள். செய்தியைப் படித்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படிப்பட்ட மழைக்குக் காடும் சில சமயம் தாங்காது, உண்மை. அதற்காகச் சரிவை வெட்டிக் கட்டடமும் ரோடும் போட்டுக்கொண்டே போவது எந்த நியாயம்?

தலையில் நடப்பது இது. கடையில் நடப்பதைப் பார்க்க நாம் ரயிலேற வேண்டாம். காளிகாட் போகிறபோது மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறோமே, அந்தக் கறுப்புச் சாக்கடைக்குப் பெயர் ஆதி கங்கை. ஒரு காலத்தில் கங்கை அந்த வழியாகத்தான் கடலுக்குப் போயிற்று. 1770களில் வில்லியம் டாலி தூர்வாரியதால் டாலி நாலா. நம் காலத்தில் அதன் நடுவிலேயே மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் நிறுத்தினார்கள். மஹாளயத்துக்குத் தர்ப்பணம் செய்ய நாம் பாபுகாட் போகிறோம். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுவதும் கங்கைதான் என்பது யாருக்கும் நினைவில்லை.

போக விரும்பும் வெளியூர் அன்பர்களுக்கு: மைசூரிலிருந்து மடிக்கேரி வழியாகப் பாகமண்டலம், மடிக்கேரியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழைக்காலத்தில் சங்கமம் பெருகிச் சாலையே மூழ்குவதுண்டு. உச்சிக்கு ஏற அனுமதி உண்டா என்று கோவிலில் விசாரித்துக்கொள்ளுங்கள். முழங்கால் இடம் கொடுத்தால் அந்த எட்டு கிலோமீட்டரை மட்டும் ஜீப்பில் போகாதீர்கள்.