பெருங்குடற் புற்றுநோயும் எளிய மலச் சோதனையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் பள்ளியைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் மலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். சிலர் முகம் சுளிக்கக்கூடும், சிலர் நகைக்கக்கூடும். அந்தச் சுளிப்புக்கு அஞ்சி வாய் மூடியிருந்ததால் எங்கள் குடும்பம் ஓர் உயிரை இழந்தது. ஆதலால்தான் இப்பொருளைத் தேர்ந்தேன்.

என் பெரியப்பா கச்சிராயபாளையம் பக்கத்தில் கரும்பு வெட்டிப் பிழைத்தவர். மலத்தோடு குருதி போவதை ஓராண்டுக் காலம் வீட்டில் எவரிடமும் அவர் சொல்லவில்லை. பின்னர் மூலம் என்று தாமே முடிவு செய்து, சுவரொட்டியில் கண்ட ஒருவரிடம் மருந்து வாங்கி உண்டார். உடல் மெலிந்து நடக்கவியலாத நிலையில்தான் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பெருங்குடலில் தோன்றிய புற்றுநோய் கல்லீரல் வரை பரவிவிட்டது என்றனர். பட்டம் பெற்ற ஆசிரியனாகிய நானும் அந்த ஓராண்டில் அவரை ஒரு கேள்வியும் கேட்டேனில்லை.

மேலை நாடுகளை நோக்க நம் நாட்டில் இந்நோய் குறைவே. எனினும் வந்தவர் காலந்தாழ்த்திச் செல்வதே நம்மிடையே பெருங்கேடு. இந்நோய் ஒரே நாளில் முளைப்பதன்று. குடலின் உட்சுவரில் ‘பாலிப்’ எனப்படும் சிறு சதை வளர்ச்சி தோன்றி, பெரும்பாலும் பத்தாண்டு அளவில் மெல்ல மெல்லப் புற்றாக மாறுகின்றது. இடையில் கண்டுபிடித்தால் நோயையே தடுத்துவிடலாம்.

கண்டுபிடிக்கும் வழிகளுள் முதன்மையானது ‘கொலனோஸ்கோபி’ என்னும் குழாய்ச் சோதனை. ஆசனவாய் வழியே விளக்குப் பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கின்றனர். பாலிப்பைக் கண்டால் அப்போதே அகற்றிவிடவும் முடியும். இதன் சிறப்பை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் வாழும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலைத் தூய்மை செய்ய வேண்டும். அதற்கு வீட்டில் கழிப்பறையும் தண்ணீரும் வேண்டும். மயக்க மருந்து தருவதால் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். இருவருக்கும் நாட்கூலி போகும். நோயறிகுறி எதுவுமில்லாதவர் இத்தனைக்கும் இசைவாரா?

இங்குதான் மாற்று வழிகள் துணை நிற்கின்றன. அவற்றுள் எளியது, மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துள்ள குருதியைக் கண்டறியும் சோதனை. பழைய முறையில் சோதனைக்கு முன் சில நாள் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி உண்ணலாகாது. அவற்றின் குருதியும் விடையைக் குழப்பிவிடும். ‘ஃபிட்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் புதிய முறை மனிதக் குருதியை மட்டுமே இனங்காண்கின்றது. உணவுக் கட்டுப்பாடு இல்லை. பேதி மருந்து இல்லை. சிறு குச்சியால் மலத்தைத் தொட்டுக் குப்பியில் இட்டு ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் போதும். ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: வெப்பம் மிகுந்தால் குப்பியிலுள்ள குருதி சிதைந்து, நோய் இருந்தும் இல்லை என்ற விடை வரக்கூடும். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் நாட்கணக்கில் வைத்திருத்தல் ஆகாது.

எளியது என்பதால் மட்டமானது என்று கருதிவிடாதீர்கள். ஸ்பெயின் நாட்டில் 57,000-க்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் குழாய்ச் சோதனைக்கும், மற்றொரு பிரிவினரை ஈராண்டுக்கு ஒருமுறை மலச் சோதனைக்கும் அழைத்தனர். முதற்பிரிவில் நூற்றுக்கு 32 பேரும், இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 40 பேரும் முன்வந்தனர். பத்தாண்டுக்குப்பின் நோக்கியபோது, மலச் சோதனைப் பிரிவில் இந்நோயால் இறந்தோர் விகிதம் மற்றதைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மிகவில்லை. இம்முடிவு 2025-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான சான்றுண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர் புளிக்காடியின் அமிலத்தைத் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். அதனால் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007-இல் அதே இதழ் வெளியிட்டது.

வேறு வழிகளும் உள. சி.டி. படம் மூலம் குடலைப் பார்க்கலாம். அதற்கும் பேதி மருந்து வேண்டும். அமெரிக்காவில் 2024-இல் ஒப்புதல் பெற்ற குருதிச் சோதனையொன்று, நூறு புற்றுநோயில் 83-ஐக் காட்டுகின்றது. முற்றிய பாலிப்புகளிலோ நூற்றுக்கு 13-ஐ மட்டுமே காட்டுகின்றது.

இளைஞர்களே, மூன்று செய்திகளை மறவாதீர்கள். முதலாவது, ஒருமுறை மலச் சோதனையில் ‘இல்லை’ என வந்தால் நிம்மதி கொண்டு விட்டுவிடலாகாது. நான்கில் ஒரு புற்றுநோய் அளவுக்கு அது தவற விடுவதுண்டு. ஆகவே ஆண்டுதோறும், அன்றேல் ஈராண்டுக்கு ஒருமுறையேனும் செய்தல் வேண்டும். இரண்டாவது, ‘உண்டு’ என வந்தால் அது புற்றுநோய்தான் என்பதன்று. மூலமோ கொக்கிப்புழுவோ காரணமாகலாம். ஆனால் அதை உறுதி செய்யக் குழாய்ச் சோதனை கட்டாயம். அதற்குப் போகாதவர் மலச் சோதனை செய்தும் பயனில்லை. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியக் குருதி போகின்றவர்க்கும், காரணமின்றி உடல் மெலிகின்றவர்க்கும், மலங்கழிக்கும் பழக்கம் மாறியவர்க்கும், குடும்பத்தில் இந்நோய் கண்டவர்க்கும் இம்மாற்று வழி பொருந்தாது. அவர்கள் நேரே மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

தேசியத் திட்டத்தின்படி 30 வயது கடந்தோர்க்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே சோதனை நடைபெறுகின்றது. குடலுக்கு எவரும் வீடு தேடி வரப் போவதில்லை. நாமே கேட்டுப் பெற வேண்டும். கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே இருக்கின்றது. ஐம்பதை நெருங்கும் பெற்றோரை அழைத்துச் சென்று, இச்சோதனை தேவையா என மருத்துவரிடம் கேளுங்கள்.

பிறர் மலத்தை நம் முன்னோர் தலையில் சுமத்திய சமுதாயம் இது. அக்கொடுமையை ஒழிக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. அந்த இழிவு சுமத்தியவருடையது, சுமந்தவருடையதன்று. அதனால் விளைந்த கூச்சத்தை நாம் இன்னும் சுமந்து, நம் உடலின் எச்சரிக்கையைக் கேளாதிருக்கலாமா?

இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும், என் பெரியப்பாவிடம் நான் கேட்கத் தவறிய கேள்வியை உங்கள் தாய் தந்தையரிடம் கேளுங்கள். நீங்கள் கற்ற கல்விக்கு அதுவே முதற்பயனாகுக!