சிரித்தால் மூடுகிற கண்



நான் சிரித்தால் இடது கண் தானாகச் சுருங்கும். பக்ரறியில் 'ஆருக்குக் கண்ணடிக்கிறாய்?' என்று கேட்கினம். முகவாதம் வந்தால் பத்தில் ஏழு பேருக்கு மருந்தில்லாமலே முற்றாகச் சுகம் வரும். மற்றவையில் சிலருக்குப் பழுதான நரம்பு திரும்ப வளரேக்கை பாதை மாறிவிடும். வாய்க்குப் போகவேண்டிய இழை கண்ணுக்குப் போகும்.

சுயிங்கம் சப்பு, பலூன் ஊது என்று எங்கட ஆட்கள் புத்தி சொல்லுவினம். இந்தக் கட்டத்தில் கேட்காதேங்கோ. பலத்தோடு செய்யச் செய்யப் பிழையான அசைவுதான் இறுகும். கண்ணாடி பார்த்து, கண் அசையாத அளவுக்கு மெல்லமாகச் சிரித்துப் பழகவேணும். மாதக்கணக்காகும். சிலருக்குப் பொட்டொக்ஸ் ஊசியும் போடுவினம்.

டொக்டர் எழுதித் தந்தால் ஒரு சீட்டுக்கு 9 தடவை வரை பிசியோவுக்குப் போகலாம். பிரான்சீஸும் எங்கட பங்கும் போக மிச்சத்தைக் கிராங்கன்காச கட்டும். வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்கிறவை கூட்டம் முடிய என்னட்டை வாங்கோ, கைக்கண்ணாடி இருக்கு.