மரத்தளமும் மறுபூச்சும்



பணியின் நிமித்தம் சிம்லாவில் குடியேறிய நமக்கு, வாடகை வீட்டின் தேவதாரு மரத் தாழ்வாரம் முதலில் வியப்பளித்தது. பின்னர் பாடமும் புகட்டியது.

சென்ற ஆண்டு, தீபாவளிக்குள் பொலிவூட்டும் அவசரத்தில், மழையீரம் காயாத பலகைகள்மீதே சாயம் பூசினோம். பனிக்காலம் முடியுமுன் பூச்சு செதில் செதிலாக உரிந்தது. உள்ளே சிக்கிய ஈரத்தால் ஒரு பலகை இற்றது. ஊரிலிருந்து வந்திருந்த அன்னையாரின் கால் அதில் புதைந்தது. எலும்பு முறியாதது நற்பேறே.

இவ்வாண்டு பொறுமையைக் கடைப்பிடித்தோம். செப்டம்பரில் மழை ஓய்ந்ததும் பலகைகளைக் கூரிய ஊசியால் குத்திப் பார்த்தோம். மெத்தென்று இறங்கிய இடங்களை அறுத்தெடுத்துப் புதுப் பலகை பொருத்தினோம். துருத்திய ஆணிகளை உள்ளே அடித்தோம். பழம் பூச்சைச் சுரண்டி, பாசியைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, நான்கைந்து நாள் வெயிலில் உலரவிட்டோம். வெயில் பட்டுச் சாம்பல் நிறம் பூண்ட மேல் நார்கள் சாயத்தைப் பற்றமாட்டா. ஆதலின் உப்புத்தாள் கொண்டு ரேகையின் போக்கிலேயே தேய்த்துத் தூசியைத் துடைத்தோம்.

இறுதியில் ஒரு சோதனை. சில துளி நீர் தெளித்துப் பாருங்கள். மரம் அதனை விரைவில் உறிஞ்சினால் சாயத்தையும் ஏற்கும். நீர் முத்தாக நின்றால் பழைய பூச்சு எஞ்சியிருக்கிறது என்று பொருள். நீர் பட்ட இடம் உலர்ந்த பின்னரே தூரிகையை எடுத்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆளிவிதை எண்ணெய் கலந்த சாயம் தோய்ந்த கந்தைகளைக் குவித்து வைக்கலாகாது; அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்து உலர்த்துக.

பூச்சு அரைநாள் வேலை. ஆயத்தமோ பத்து நாள் வேலை. அன்னையார் மீண்டும் வருகிறார். வீடு பிறருடையதாயினும், அதில் நடப்பவை நம்மவர் கால்கள் அல்லவா?