வெறுங்கைப் பயணம்

(ஆண்டு விழாச் சொற்பொழிவின் சுருக்கம்)

   

வெளிநாடு கண்டு வருக என்றால், "அது செல்வர்க்கன்றோ இயலும்?" என்கின்றனர் நம் சக்குபள்ளத்து இளைஞர். நாளொன்றுக்கு எத்துணைக் குறைந்த செலவில் உலகைச் சுற்றலாம்? கையில் ஒரு காசுமின்றிப் புறப்பட்டவர் இருவர் நம் நாட்டிலேயே உண்டு.

இராஜஸ்தானத்துச் சதீஷ் குமாரும் கேரளத்து இ. பி. மேனனும் 1962 ஜூன் முதல் நாள் தில்லியில் காந்தியடிகள் நினைவிடத்திலிருந்து நடக்கத் தொடங்கினர். அன்று அணுகுண்டு வைத்திருந்த நாடுகள் நான்கு. அவற்றின் தலைநகரங்களாகிய மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் சென்று, குண்டை ஒழிக்க வேண்டுவதே அவர்தம் நோக்கம்.

வாழ்த்துப் பெறச் சென்றவர்களுக்கு வினோபா அடிகள் கூறிய அறிவுரை இரண்டு: பணம் எடுத்துச் செல்லாதீர், புலால் உண்ணாதீர். காசுள்ள வழிப்போக்கன் களைத்தால் விடுதியில் உண்டு உறங்கிவிடுவான், ஊராரோடு பேசான். காசில்லாதவனோ ஒரு வீட்டின் கதவைத் தட்டியே ஆக வேண்டும். கதவு திறந்தால் பேச்சுப் பிறக்கும். "புலால் ஏன் உண்பதில்லை?" என்ற வினாவிலிருந்தே அமைதியின் செய்தியைத் தொடங்கலாம்.

பகைநாடென்று பலர் அஞ்சிய பாகிஸ்தானின் எல்லையிலேயே, செய்தித்தாளில் படித்த ஒருவர் அவர்களை விருந்துக்கு அழைக்கக் காத்திருந்தார். ஆப்கானிஸ்தான், ஈரான், சோவியத் நாடு எனப் பயணம் நீண்டது. கடலை மட்டும் கப்பலில் கடந்தனர். 1964 தொடக்கத்தில் வாஷிங்டனில் நிறைவுற்றபோது, கடந்த தொலைவு ஏறத்தாழ 8,000 மைல்.

தேயிலை மலையில் வாழும் நமக்கு நெருக்கமான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. ஜார்ஜியாவில், கருங்கடலை அடுத்த தேயிலை ஆலையொன்றில் பணிபுரிந்த பெண் ஒருத்தி, நான்கு தேயிலைப் பொட்டலங்களை அவர்களிடம் அளித்தாள். குண்டின் பொத்தானை அழுத்த எண்ணும் தலைவர், அதற்கு முன் ஒரு கோப்பைத் தேநீர் அருந்திச் சிந்திக்கட்டும் என்பது அவள் வேண்டுகோள்.

இன்று விசாவுக்கு வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்லும் நாடுகள் பல. ஆதலின் வெறுங்கையோடு செல்வது அரிது. எனினும், சிறு தொகையோடு செல்பவர்க்கும் துணையாவது அயலார் திறக்கும் கதவே.

கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் நம் முன்னோர் இம்மலைக்கு ஏறி வந்தபோது அவர்களும் அயலாரே. இன்று மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலத்தார் நம் ஏலத்தோட்டங்களுக்கு வருகின்றனர். "கூலியைக் குறைக்க வந்தவர்" என்ற முணுமுணுப்பு நம் காலனிகளிலும் கேட்கின்றது. கூலியைக் குறைப்பவன் கொடுப்பவனே, வாங்குபவன் அல்லன். அவர்களும் நம்மைப் போன்றே வயிற்றுக்காக மலையேறியவர்கள்.

உலகம் சுற்ற விரும்பும் இளைஞரே! நாளை நீவிர் எங்கோ ஒரு கதவைத் தட்டுவீர். இன்று நம் வாயிலில் நிற்பவர்க்கு ஒரு குவளைத் தேநீர் தருக. அவர் ஊரின் பெயரைக் கேளுங்கள். உங்கள் பயணம் அங்கேயே தொடங்கும்.