வெல்லும் பேச்சு, வாழவைக்கும் பேச்சு
(வானொலியில் ஆற்றிய மறையுரை)



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்தார். பதினோராம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன் நல்ல பையன். அதிகாலை ஐந்து மணிக்கு எழுகிறான். உடற்பயிற்சி செய்கிறான். அன்றன்று திருத்திக்கொள்ள வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதுகிறான். பெரிய பேச்சாளர்கள் எப்படிக் காரணம் அடுக்குகிறார்கள், எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பழகி, பள்ளிப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசும் வாங்கிவிட்டான். பிறகு என்ன கவலை என்று கேட்டேன்.

படுக்கையில் கிடக்கும் பாட்டியை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று அவன் வீட்டில் பேசத் தொடங்கியிருக்கிறான். அங்கே செவிலியர் உண்டு, வேளைக்கு மருந்து உண்டு, அம்மாவுக்கும் ஓய்வு கிடைக்கும் என்று ஐந்து காரணங்கள். தாய் தயங்கியபோது, “எட்டாவது படிச்ச உங்களுக்கு இது புரியாதும்மா” என்று முடித்துவிட்டான். அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: “சாமி, அவனுக்குப் பதில் சொல்லத் தெரியல. ஆனா அவன் சொல்றதுல ஏதோ சரியில்லன்னு மட்டும் தெரியுது.”

பிரியமானவர்களே, அந்தத் தாயின் கண்ணீரைக் கண்டபோது எனக்குப் புனித மோனிக்காவின் நினைவு வந்தது. ஆகஸ்ட் 27 அவருடைய திருநாள். மறுநாள் அவருடைய மகன் புனித அகுஸ்தினாரின் திருநாள்.

அகுஸ்தினார் 354ஆம் ஆண்டு, இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து, இரவில் ஒரு பேரிக்காய் மரத்தை உலுக்கித் திருடினார். பசிக்காக அல்ல; பழங்களைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று பின்னாளில் இறைவனிடம் அறிக்கையிடுகிறார். நண்பர்கள் வா என்று அழைக்கும்போது, வெட்கப்படுவதற்கே வெட்கமாகிவிட்டதாம். இளைஞர்களே, காரணமே சொல்லாமல் நம்மை இணங்க வைக்கும் பேச்சும் உண்டு. கூட்டத்தின் குரல் அப்படிப்பட்டது.

பிறகு கார்த்தேஜ் நகரில் நாவன்மைக் கலை பயின்றார். வகுப்பில் முதல் மாணவர். அதனால் செருக்கும் வந்தது. விசுவாசத்தை விட்டு விலகினார். எளிய விசுவாசிகளை வாதத்தில் மடக்கினார். மோனிக்கா ஓர் ஆயரிடம் சென்று, என் மகனோடு பேசித் திருத்துங்கள் என்று மன்றாடினார். ஆயர் மறுத்துவிட்டார். அவன் இப்போது கேட்கும் நிலையில் இல்லை, நீ செபித்துக்கொண்டிரு, இத்தனை கண்ணீர் சிந்தும் தாயின் மகன் அழிந்துபோக மாட்டான் என்று சொல்லி அனுப்பினார்.

384ஆம் ஆண்டில் அகுஸ்தினார் மிலான் நகரின் நாவன்மைப் பேராசிரியர். பேரரசரைப் புகழ்ந்து பேசும் பொறுப்பு அவருக்கு வந்தது. சொல்லப்போவது பலவும் பொய். கைதட்டப் போகிறவர்களுக்கும் அது பொய்யென்று தெரியும். அந்தக் கவலையோடு தெருவில் போனபோது, குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரரைக் கண்டார். இவரிடம் உள்ள நிம்மதிகூட என்னிடம் இல்லையே என்று மனம் நொந்தார்.

அதே நகரில் ஆயராக இருந்தவர் புனித அம்புரோசியார். அவருடைய மறையுரைகளைக் கேட்க அகுஸ்தினார் போனது விசுவாசத்துக்காக அல்ல, பேச்சின் நயத்தை எடைபோடுவதற்காக. ஆனால் விரும்பிய சொற்களோடு, விரும்பாத உண்மையும் உள்ளே நுழைந்துவிட்டது. அம்புரோசியாரிடம் அவரை முதலில் ஈர்த்தது போதனைகூட அல்ல. ஒரு தந்தையைப்போல் அவர் தன்னிடம் காட்டிய பரிவு. 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் அகுஸ்தினார் அவர் கையால் திருமுழுக்குப் பெற்றார்.

அதற்காக அவர் நாவன்மையைப் பழிக்கவில்லை. பொய்யை நயமாகச் சொல்ல ஆளிருக்கும்போது, உண்மை மட்டும் ஏன் ஊமையாக நிற்க வேண்டும் என்று கேட்டார். பேசுகிறவன் கற்பிக்க வேண்டும், கேட்போரை ஈர்க்க வேண்டும், நன்மை செய்யத் தூண்ட வேண்டும் என்று சிசரோ வகுத்ததைத் தாமும் ஏற்றுக்கொண்டார். ஆனால் பேசுமுன் செபிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்தப் பையனை அழைத்துப் பேசினேன். இதை அவன் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அவன் சொன்ன ஐந்து காரணங்களையும் முழுவதும் கேட்டேன். ஒன்றும் பொய்யில்லை. முதியோர் இல்லத்தில் சேர்ப்பதே பாவம் என்றும் நான் சொல்லவில்லை. வேறு வழியற்ற குடும்பங்களும் உண்டு. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டேன். “பாட்டியிடம் கேட்டாயா?” “இல்லை, சாமி.” “பாட்டி போனால் அந்த அறை யாருக்கு?” தலைகுனிந்தான். “எனக்குத்தான், சாமி. படிக்க.” “அது ஏன் உன் ஐந்து காரணங்களில் வரவில்லை?” அவனிடம் பதில் இல்லை.

பிறகு சொன்னேன்: “தம்பி, அம்மாவின் படிப்பைச் சொன்னாயே, அது காரணம் அல்ல, காயம். எதிரில் இருப்பவரின் சொல்லுக்குப் பதில் இல்லாதபோதுதான், நாம் ஆளைத் தாக்குகிறோம்.”

பாலைவனத்தில் ஆண்டவரைச் சோதித்த அலகையும் மறைநூலைத்தான் எடுத்துக் காட்டியது. வார்த்தைகள் சரிதான், நோக்கம்தான் வஞ்சகம். ஆகவே இளைஞர்களே, நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். பிறர் உங்களை எப்படி இணங்க வைக்கிறார்கள் என்றும் கண்டுகொள்ளுங்கள். ஆனால் வாய் திறக்குமுன், நான் மறைப்பது என்ன, இங்கே இல்லாதவருக்காகப் பேசுவது யார் என்று உங்களையே கேளுங்கள். பெற்றோரே, பதில் சொல்லத் தெரியவில்லை என்பதால் நீங்கள் சொல்வது தவறாகிவிடாது. பொறுமையோடு கேளுங்கள், மோனிக்காவைப்போல் செபியுங்கள்.

சென்ற முதல் வெள்ளியன்று அந்தப் பாட்டிக்கு நற்கருணை கொண்டுபோனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் அதன்மேல் பதினோராம் வகுப்புப் புத்தகங்களும் இருந்தன. அவன்தான் மெழுகுதிரி ஏற்றி வைத்தான்.

ஆண்டவரே, எங்கள் நாவுக்கு உண்மையையும், எங்கள் உண்மைக்கு அன்பையும் தந்தருளும். ஆமென்.