குட்டை மீன் ஏன் பெருக்கவில்லை?



பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில், லயத்துக்குப் பின்னால் சிறு குட்டை வெட்டித் திலாப்பியா வளர்க்க நினைக்கும் குடும்பங்களுக்காக இன்று பேசுகிறேன். ஆறு மாதம் தவிடு போட்டும் மீன் விரல் நீளத்தைத் தாண்டவில்லை என்றால், குற்றம் தீனியில் மட்டும் இல்லை. குட்டையின் குடும்பக் கணக்கிலும் இருக்கிறது.

திலாப்பியா ஆப்பிரிக்க மீன். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்ததால், மலாய்க்காரர் இதை 'ஈக்கான் ஜெப்புன்' என்றார்கள். பிறந்த இரண்டு மூன்று மாதத்திலேயே இது இனப்பெருக்கம் செய்யத் தொடங்கிவிடும். தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். அந்த நாட்களில் அது சரியாகத் தின்பதில்லை. அதனால் பெண் மெதுவாகவும் ஆண் விரைவாகவும் வளரும். குஞ்சுகள் பெருகப் பெருக, பத்துப் பேர் சோற்றை நூறு பேர் பங்கிடும் கதையாகிறது.

இதற்கு வழி தேடியவர் ஹிக்லிங் என்ற ஆராய்ச்சியாளர். மலாக்கா, பத்து பெரண்டாம் மீன் ஆராய்ச்சி நிலையத்தில், மலாயாப் பெண் மீனோடு சன்சிபார் இன ஆண் மீனைச் சேர்த்தார். பிறந்தவை யாவும் ஆண்! இந்த ஆய்வை 1960இல் வெளியிட்டார்.

நாம் செய்யக்கூடியது என்ன? மாதம் ஒருமுறை பத்து மீனைப் பிடித்து அளந்து, நிறுத்துப் பாருங்கள். நீளம் இரட்டித்தால் எடை இரு மடங்கு அல்ல, எட்டு மடங்காக வேண்டும். 10 சென்டிமீட்டர் மீன் 20 கிராம் என்றால், 20 சென்டிமீட்டர் மீன் 160 கிராம் இருக்க வேண்டும். 120 தான் இருந்தால் மீன் மெலிந்திருக்கிறது. தீனி போதவில்லை, அல்லது நெரிசல் என்று பொருள்.

உள்ளங்கை நீளம் வந்ததும் ஆண், பெண் பிரியுங்கள். மலத்துவாரத்துக்குப் பின்னுள்ள சிறு முனையில் ஆணுக்கு ஒரு துளை, பெண்ணுக்கு இரண்டு. பெண் மீன்களைச் சமையலுக்கு எடுத்து, ஆண்களை வளர விடுங்கள். தவறி நின்ற பெண் மீன்களின் குஞ்சுகளைத் தின்ன, ஓரிரு சிறிய விரால்களை விடலாம். திலாப்பியாவையே விழுங்கும் பெரிய விரால் வேண்டாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மிஞ்சிய திலாப்பியாவை வாய்க்காலிலோ மூடா ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். நம் நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும்.

எண்ணிக்கை பெருகினால் மட்டும் செல்வமாகாது. குட்டையில் நூறு பொடி மீனைவிட, சட்டியில் பத்துக் கொழுத்த மீன் குழந்தைகளுக்கு நல்லது.