தீயைத் தொடாமல் தீயிடம் கேட்பது



கேஸ் அடுப்பைப் பற்றவைக்கிறோம். நீலச் சுடர் எழுகிறது. பால் பொங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அந்தச் சுடரின் நடுவில் எத்தனை டிகிரி வெப்பம்? எந்த வாயு எவ்வளவு இருக்கிறது? கேட்பது எளிது, அளப்பதுதான் பெரும்பாடு. உலோகக் கம்பி ஒன்றை உள்ளே நீட்டினால், வாயுவின் ஓட்டம் கலைந்துவிடும். கம்பியும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கடைசியில் நாம் அளந்தது, கம்பி புகுந்து கெடுத்த தீயை.

ஆகவே, ஒளியை அனுப்பிக் கேட்டார்கள். அதற்கு வழி திறந்தவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது, மூலக்கூறின் அதிர்வுக்கு ஏற்ப அதன் நிறம் சற்று மாறுகிறது என்று 1928-இல் கொல்கத்தாவில் அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டார்கள். நைட்ரஜனுக்கு ஓர் அதிர்வு, ஆக்சிஜனுக்கு வேறோர் அதிர்வு. நிறமாற்றத்தைப் பார்த்தே ஆளை அடையாளம் சொல்லிவிடலாம்.

ஆனால் அந்த ஒளி மிக மெலிது. அதுவும் எல்லாத் திசையிலும் சிதறிப்போகும். தீயோ தானே ஒளிவிடுகிறது. திருவிழா ஒலிபெருக்கியின் அடியில் நின்று ஒருவர் காதோடு ரகசியம் சொன்னால் நமக்கு என்ன கேட்கும்?

இங்கேதான் லேசர் வருகிறது. தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு தந்திகள் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, ஒரு மயிரிழை விலகி நின்றால், ஒலி அலையலையாக ஏறி இறங்கும். இரண்டின் அதிர்வெண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த அலை. அதேபோல ஒரு பச்சை லேசரையும் ஓர் ஆரஞ்சு லேசரையும் சுடருக்குள் ஒரு புள்ளியில் சந்திக்க வைக்கிறார்கள். பச்சையின் அலைநீளம் 532 நானோமீட்டர், ஆரஞ்சுக்கு 607. இரண்டுக்கும் உள்ள அதிர்வெண் வித்தியாசம் வினாடிக்குச் சுமார் 70 லட்சம் கோடி. நைட்ரஜன் மூலக்கூறு இயல்பாக அதிரும் வேகமும் அதுவே.

தேர் வடத்தை ஆளுக்கொரு நேரம் இழுத்தால் தேர் நகராது. குரல் கொடுத்து ஒன்றாக இழுத்தால் அசையும். இரண்டு லேசர்களும் சேர்ந்து அப்படித்தான் குரல் கொடுக்கின்றன. அந்தப் புள்ளியில் உள்ள நைட்ரஜன் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே தாளத்தில் அதிர்கின்றன. அவற்றின்மீது மீண்டும் பச்சை ஒளி படும்போது, அதிர்வின் ஆற்றலையும் சேர்த்துக்கொண்டு 473 நானோமீட்டரில் நீல ஒளி வெளிவருகிறது. தாளம் ஒன்றாக இருப்பதால் அந்த நீலம் சிதறுவதில்லை. மெல்லிய கற்றையாக, ஒரே திசையில் புறப்படுகிறது. கற்றை போகும் வழியில், தீயிலிருந்து தள்ளி ஒரு சிறு துளை வைத்துப் பிடித்தால் போதும், தீயின் வெளிச்சம் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும்.

இரண்டு லேசர்களின் வலிமையையும் இரட்டிப்பாக்கினால், நீலம் இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு ஆகும். இப்படி நேர்விகிதத்தை மீறுவதால் இதை நேரிலா ஒளியியல் என்கிறோம். இந்த விளைவை 1965-இல் மேக்கரும் டெர்ஹியூனும் கண்டது ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். பின்னால் இந்த முறைக்கு அமைந்த சுருக்கப் பெயரும் 'கார்ஸ்'! 1970-களில் பிரான்சில் ரெக்னியேயும் தாரானும் இதைத் தீக்குள் கொண்டுபோய் ஹைட்ரஜனை அளந்தார்கள்.

சரி, இந்த நீல ஒளி வெப்பத்தை எப்படிச் சொல்கிறது? காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். தீயில் அது பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும் சாட்சி. அறை வெப்பத்தில் அதன் மூலக்கூறுகள் ஏறக்குறைய எல்லாமே அதிர்வு ஆற்றலின் கீழ்ப்படியில் இருக்கும். 2000 கெல்வினில், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை மேற்படிகளுக்கு ஏறிவிடும். மேற்படியில் அதிர்வு கொஞ்சம் தாழ்ந்த சுருதியில் இருப்பதால், நிறமாலையில் பெரிய முகட்டின் பக்கத்தில் இன்னொரு சிறு முகடு முளைக்கும். அந்த இரண்டின் உயரங்களையும் வடிவத்தையும் ஒப்பிட்டால் வெப்பநிலை கிடைத்துவிடும். ஆரஞ்சு ஒளியைக் கொஞ்சம் அகலமான நிறப்பரப்பில் அனுப்பினால், ஒரே துடிப்பில், வினாடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரத்தில், முழு நிறமாலையையும் பிடிக்கலாம். கணத்துக்குக் கணம் புரளும் தீயைப் படிக்க இதைத்தான் நம்புகிறார்கள்.

குறையும் உண்டு. வாயுவின் செறிவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால், ஒளி நூறில் ஒன்றாகிவிடும். தோன்றிய வேகத்தில் மறைவதால் மிகக் குறைவாகவே இருக்கும் ஹைட்ராக்சில் போன்ற துணுக்குகள் இதற்குப் பிடிபடுவது கடினம். அவற்றுக்கு, அவை விழுங்கும் புற ஊதா நிறத்துக்கே லேசரைச் சுருதி சேர்த்து, நான்கலைக் கலப்பு என்னும், இதற்கு உறவான முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

நைட்ரிக் ஆக்சைடும் அப்படிப் பிடிபடும் வாயுதான். சாட்சி என்றேனே, அந்த நைட்ரஜன், தீ மிகவும் சூடேறினால் சாட்சியாக மட்டும் நிற்பதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து, நகரத்துக் காற்றைக் கெடுக்கும் அதே நைட்ரிக் ஆக்சைடாக மாறிவிடுகிறது. சுமார் 1800 கெல்வினுக்கு மேல் இந்த வினை மளமளவென்று ஏறும். எஞ்சின் செய்பவர் அந்தக் கோட்டைத் தாண்டாமல் எரிக்கப் பார்க்கிறார். தீ கோட்டைத் தாண்டியதா என்று அவருக்குச் சொல்வதும் அதே நைட்ரஜன்தான்.